வாசலில் ஒரு சாட்சி

எங்கள் தெருவில் எதிர்வரிசை மூன்றாவது வீட்டில் திருடு போனது தெரிந்த அன்று காலை, அந்த வீட்டுக் கூடத்தில் டி.வி.க்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேத்தி காதுகுத்துக்காகக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டு, மூன்று நாள் கழித்து அன்று விடியற்காலையில்தான் திரும்பியிருந்தார். பின்கட்டுக் கதவைக் கடப்பாரையால் நெம்பி, பீரோவைத் திறந்து, பதினோரு பவுன் நகையை எடுத்துப் போயிருந்தார்கள். உள்ளறையில் கைரேகை எடுக்க வந்தவர் பீரோக் கதவில் பொடி தூவிக்கொண்டிருந்தார். கூடத்தில் குற்றப்பிரிவு ஏட்டு மவுஸைப் பிடித்துக்கொண்டு பதிவைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

“இதோ வர்றான் பாருங்க.”

திரையில் இரவு 2.17. காம்பவுண்டு சுவரிலிருந்து ஓர் உருவம் குதித்தது. முழுக்கைச் சட்டை, குரங்குக் குல்லா. நடந்து வந்து நின்று, கேமராவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. ஏட்டு படத்தை நிறுத்திப் பெரிதாக்கினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் இருந்தன. இன்னும் பெரிதாக்கினார், கட்டங்களும் கூடவே பெரிதாயின. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், திரையின் மூலையில் ஓடும் நேரத்தைப் பார்த்தார். “சார், உங்க மெஷின் நாற்பது நிமிஷம் லேட்டா ஓடுது” என்றார்.

ஆசிரியர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “கேமரா இருக்கேங்கிற தைரியத்துலதான் தம்பி போனேன்.”

அந்தத் தைரியம் எவ்வளவுக்கு நியாயமானது என்பதுதான் என் கேள்வி. வீட்டு வாசலில் மாட்டும் கேமரா திருட்டைத் தடுக்கிறதா? தடுக்கிறதென்றால் எங்கே, எப்போது? தடுக்காதபோது அதனால் வேறு என்ன பயன்? நாற்பது ஆண்டு ஆராய்ச்சிகளையும், நம் நகரங்களின் அனுபவத்தையும், நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த விடை இது: காவலாளி என்று நினைத்துக் கேமராவை வாங்குகிறோம், வீட்டுக்கு வந்து சேர்வது ஒரு சாட்சி. சாட்சிக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அதைச் சாட்சியாக நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். காவலுக்கு வேறு ஏற்பாடும் வேண்டும்.

குற்றவியலில் அடிக்கடி எடுத்தாளப்படும் கருத்து ஒன்றை 1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் முன்வைத்தார்கள். திருட்டு நடக்க மூன்று கூடிவர வேண்டும்: திருடும் எண்ணமுள்ள ஒருவன், திருடத் தோதான பொருள், தடுக்கக்கூடிய ஆள் அங்கே இல்லாமை. பூட்டிய வீட்டில் மூன்றாவது தானாகவே அமைந்துவிடுகிறது. அந்த ஆளின் இடத்தில் கேமராவை உட்காரவைக்கிறோம். அது கத்தாது, ஓடி வராது. அதற்குப் பின்னால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திருடன் நம்பும் வரைக்கும்தான் அதற்கு பலம். எங்கள் தெருவுக்கு வந்தவன் அண்ணாந்து பார்த்தானே, அந்த ஒரு நொடியில் அவன் எடைபோட்டது இதைத்தான். யாரும் பார்க்கவில்லை என்று முடிவு செய்தான். அவன் கணக்கு சரியாகவே இருந்தது.

கேமராக்கள் பற்றிய ஆய்வுகளில் விரிவானது 2019-இல் வந்தது. எரிக் பைசா, பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன் உள்ளிட்டோர் நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளில் செய்யப்பட்ட 80 மதிப்பீடுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். கேமரா வைத்த இடங்களில், வைக்காத ஒப்பீட்டு இடங்களைவிடக் குற்றம் சராசரியாக 13 விழுக்காடு குறைந்திருந்தது. மிகத் தெளிவான பலன் வாகன நிறுத்துமிடங்களில். குடியிருப்புப் பகுதிகளிலும் பலன் இருந்தது. வாகனக் குற்றங்களும் சொத்துக் குற்றங்களும் குறைந்தன, வன்முறைக் குற்றங்கள் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஆள் உட்கார்ந்து பார்க்கும் கேமராக்கள், சும்மா பதிவு மட்டும் செய்பவற்றைவிட நன்றாக வேலை செய்தன. வேறு நடவடிக்கைகளோடு சேர்த்து வைத்தபோதும் பலன் கூடியது.

வாகன நிறுத்துமிடம் ஏன் முதலிடத்தில் வருகிறது என்று யோசித்தால் நம் தெருவுக்கும் பாடம் கிடைக்கும். அங்கே நுழையவும் வெளியேறவும் ஒன்றிரண்டு வழிகள்தான். வெளிச்சம் இருக்கும், சீட்டுக் கொடுக்கும் ஆள் இருப்பார். திருடன் ஒரு வண்டிப் பூட்டோடு சில நிமிடமாவது போராட வேண்டும். இத்தனையும் இருக்கிற இடத்தில் கேமரா இன்னொரு பலமாகச் சேர்கிறது. இரு முனையும் திறந்து, தெருவிளக்கு அணைந்து கிடக்கும் சந்தில் அதே கேமரா தனித்து நிற்கிறது. பிரிட்டிஷ் உள்துறைக்காக மார்ட்டின் கில், ஏஞ்சலா ஸ்பிரிக்ஸ் இருவரும் 2005-இல் கொடுத்த அறிக்கையும் இதையே சொன்னது. அவர்கள் மதிப்பிட்ட 13 திட்டங்களில் புள்ளியியல் கணக்குப்படி உறுதியான குறைவு தெரிந்தது இரண்டில்தான்.

இவையெல்லாம் பெரும்பாலும் அரசும் நகராட்சியும் வைத்த கேமராக்கள் பற்றிய ஆய்வுகள். வீட்டு வாசல் கேமராவுக்கு ஆதாரம் குறைவு, விளம்பரம்தான் அதிகம். அமெரிக்காவில் ‘ரிங்’ என்ற அழைப்புமணிக் கேமரா நிறுவனம், 2015-இல் லாஸ் ஏஞ்சலஸின் வில்ஷயர் பார்க் பகுதியில் சில வீடுகளில் தன் கருவியைப் பொருத்தியதும் வீடு புகுந்து திருடுவது 55 விழுக்காடு குறைந்ததாகப் பறைசாற்றியது. 2018-இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் அந்தக் கணக்கைச் சோதித்தபோது அது நிற்கவில்லை. சிறிய பகுதியில் திருட்டு எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். இறங்கிய வருடத்தைப் பிடித்துக்கொண்டு பெருமை பேசுவது எளிது. அதே 2018-இல் அமேசான் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

திருடியவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மூன்று மாநிலச் சிறைகளில் இருந்த 422 வீட்டுத் திருடர்களிடம் எதைக் கண்டால் பின்வாங்குவீர்கள் என்று விசாரித்தார்கள். அருகில் ஆள் இருப்பது, தப்பிக்க வழி இல்லாதது, அலாரம், நாய், வெளிக்கேமரா எல்லாம் அவர்கள் சொன்ன பதில்களில் உண்டு. ஆள் அரவம் முன்வரிசையில் நின்றது. நம் ஊர்க் காவலர்கள் ஒவ்வொரு பண்டிகைக்கும் முன்னால் ஒலிபெருக்கியில் சொல்வதும் இதையேதான்: வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அதை ஒரு திட்டமாகவே செய்து பார்த்த ஊர் இங்கிலாந்தின் ராச்டேலில் உள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பு. 1980-களின் நடுவில் அங்கே வீட்டுத் திருட்டு மிக அதிகம். ஆய்வாளர்கள் இரண்டு விஷயங்களைக் கவனித்தார்கள். ஒன்று, காசு போட்டால் மின்சாரமும் எரிவாயுவும் தரும் மீட்டர்கள் வீடுகளுக்குள் இருந்தன, திருடர்கள் அந்தக் காசுக்காகவே வந்தார்கள். இரண்டு, ஒருமுறை திருடுபோன வீட்டுக்கே மறுபடியும் வந்தார்கள். மீட்டர்களை எடுத்தார்கள். திருடுபோன ஒவ்வொரு வீட்டையும் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களைக் கூட்டி, சில வாரங்களுக்கு இந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஐந்து மாதத்துக்குள் திருட்டு பாதிக்கும் கீழே போனது. கேமரா எதுவும் முக்கியப் பங்கு வகிக்காத அந்தத் திட்டத்தைக் குற்றத்தடுப்புப் பாடநூல்கள் இன்றும் விட்டுவிடுவதில்லை.

சென்னைக்கு வருவோம். 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கேமரா இல்லை. சந்தேகத்துக்குரியவரின் உருவம் கிடைத்தது சுற்றுவட்டாரத்துத் தனியார் கேமராக்களிலிருந்து. அந்த நாட்களின் அச்சம் இந்த நகரத்துக்கு இன்னும் மறக்கவில்லை. 2017-இல் ஆணையராக வந்த ஏ.கே.விசுவநாதன் காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருவுக்குத் தெரு, ஐம்பது மீட்டருக்கு ஒன்று என்ற இலக்கோடு கேமராக்கள் ஏறின. பணத்தில் பெரும்பங்கு கடைக்காரர்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் போட்டது. 2020-இல் சர்ஃப்ஷார்க் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு சென்னை உலகிலேயே முதலிடம். அடுத்த வருடம் கம்பேரிடெக் போட்ட பட்டியலில் டெல்லிக்கும் லண்டனுக்கும் அடுத்து மூன்றாமிடம், அதுவும் சதுர மைலுக்கு 610. இரண்டு பட்டியலுக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு என்று பாருங்கள். ஊரில் எத்தனை கேமரா இருக்கிறது என்றே ஒழுங்காக எண்ண முடியாதபோது, எத்தனை வேலை செய்கிறது என்பது அதைவிடக் கடினமான கேள்வி.

கேமராக்கள் வந்த பிறகு செயின் பறிப்பு வெகுவாகக் குறைந்ததாகக் காவல்துறை அறிவித்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் வாகனச் சோதனையும் நடந்தது, ரோந்தும் நடந்தது. கேமரா இல்லாத ஒப்பீட்டுப் பகுதி ஒன்றை வைத்துப் பார்க்காமல் எவ்வளவு பங்கு எதனுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சந்தேகமில்லாமல் தெரிவது, பிடிப்பதில் கேமரா செய்த உதவி. பழைய நாளில் நேரில் கண்டவரைத் தேடி அலைவார்கள். இன்று ஒரு கேமராவிலிருந்து அடுத்த கேமரா, அங்கிருந்து அடுத்தது என்று வண்டி போன வழியைக் கோர்த்துக்கொண்டே போகிறார்கள். 2025 மார்ச் 25 காலை, சென்னையின் தென்பகுதிகளில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துப் பல பெண்களின் சங்கிலி பறிக்கப்பட்டது. பறித்தவர்கள் உடையை மாற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கே போய்விட்டார்கள். மாற்றாமல் விட்டது காலில் போட்டிருந்த ஷூவை. கேமராப் பதிவில் பார்த்த அந்த ஷூ விமான நிலையத்தில் காட்டிக்கொடுத்தது. சாட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மறுநாள் அதிகாலை தரமணியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவரைப் பொறுத்தவரை அந்தச் சாட்சி நீதிமன்றப் படி ஏறவே இல்லை.

மறுபக்கமும் உண்டு. 2019 அக்டோபர் 2 அதிகாலை திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே பெரிய நகைக்கடை ஒன்றின் சுவரில் துளையிட்டு நுழைந்தவர்களை உள்ளே இருந்த கேமராக்கள் நன்றாகவே படம்பிடித்தன. திரையில் தெரிந்தவை பொம்மை முகமூடிகள். அவர்களுக்குக் கேமரா இருப்பது தெரியும், அதற்குத் தயாராக வந்தார்கள். வழக்கில் முதல் ஆள் சிக்கியது மறுநாள் இரவு திருவாரூரில் நடந்த வாகனச் சோதனையில்.

இனி, நல்ல சாட்சிக்கு என்னென்ன வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆசிரியர் வீட்டில் ஏமாற்றியது கேமரா என்ற பொருள் அல்ல, அது மாட்டப்பட்ட விதம்தான்.

முதலில் முகம். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது விழ வேண்டும் என்பது பன்னாட்டுத் தர அளவு. ஏற்கெனவே தெரிந்தவரை ‘இவர்தான்’ என்று சொல்ல 125 போதும். யாரோ ஒரு ஆள் வந்தார் என்று மட்டும் சொல்ல 25 போதும். வீடுகளில் பரவலாக இருக்கும் 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 புள்ளி அகலம். 1,920-ஐ 250-ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். அதற்குமேல் அகலமான காட்சியில் முகம் தேறாது. கடையில் கொடுக்கும் வழக்கமான 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் பார்வையை அகல விரிப்பது. சுமார் மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே அந்த 7.68 மீட்டர் வந்துவிடும். பத்தடி! மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டி, தெரு முனை வரை தெரிகிறது என்று மகிழ்ந்துபோகிறோமே, அந்தப் படத்தில் ஆள் வந்தது தெரியும், ஆள் யாரென்று தெரியாது. 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் காட்சி குறுகும், முகம் இரண்டு மடங்குக்கு மேல் தூரத்திலும் தேறும். எல்லாவற்றையும் பார்க்க ஒன்று, கேட்டருகே முகத்தைப் பார்க்க எட்டடி உயரத்தில் இன்னொன்று என்று வைப்பதே சரி. மிக உயரத்தில் வைத்தால் தொப்பியும் ஹெல்மெட்டும்தான் பதிவாகும்.

இரவில் வண்டி எண் வேறு சிக்கல். கேமராவின் அகச்சிவப்பு ஒளி, ஒளிதிருப்பும் நம்பர் பிளேட்டில் பட்டுத் திரும்பி, எண் முழுவதும் வெள்ளைப் பட்டையாகிவிடும். அதற்கு எளிய மருந்து வாசலில் ஒரு விளக்கு. வெளிச்சத்தால் தனியே ஒரு நன்மையும் உண்டு. 2016-இல் நியூயார்க் நகரம் தன் பொதுக் குடியிருப்புகள் சிலவற்றில் விளக்குக் கோபுரங்களைக் குலுக்கல் முறையில் நிறுத்திப் பார்த்தது. அங்கே வெளியிடங்களில் இரவு நேரத்தில் நடக்கும் பெருங்குற்றங்கள் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தன.

அடுத்தது நினைவாற்றல். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜிபி இடம் வேண்டும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி ஹார்டு டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழையதை அழித்துக்கொண்டு மேலே எழுதும். இரண்டு வாரம் மகள் வீட்டில் தங்கிவிட்டு வருகிறவருக்கு, போன மறுநாளே நடந்த திருட்டின் பதிவு கிடைக்காது. எத்தனை நாள் வைத்திருக்கும் என்பது ஒரு செட்டிங்கில் அடங்கியிருக்கிறது. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் இறந்ததை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், ஹார்டு டிஸ்கில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைத் தன் அறிக்கையில் பதிவு செய்தார். நேரம் பிசகுவது சிறு விஷயமாகத் தோன்றும். ஆனால் பத்து வீட்டுப் பதிவைக் கோர்த்து ஒரு வண்டியின் வழியைக் கண்டுபிடிக்கும்போது, ஒரு வீட்டின் நேரம் நாற்பது நிமிடம் தள்ளியிருந்தால் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துபோகும். படம் பதிவாகும் பெட்டி இருக்குமிடமும் முக்கியம். டி.வி.க்குப் பக்கத்தில் வைத்த டி.வி.ஆர். பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போன செய்தியை மாதம் ஒருமுறையாவது நாளிதழில் படிக்கிறோம்.

பிறகு நீதிமன்றம். மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்க உரிய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது, 2020-இல் மீண்டும் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு அந்தச் சான்றிதழை இரண்டு பகுதியாக்கியிருக்கிறது. ஒன்று கருவியை வைத்திருப்பவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. பதிவின் ஹாஷ் மதிப்பையும், அதாவது அந்தக் கோப்புக்கே உரிய எண்முத்திரையையும், அதில் குறிக்க வேண்டும். டி.வி. திரையைச் செல்போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அது தகவலுக்கு உதவும். வழக்குக்கு அசல் வேண்டும். அசலை எடுத்து வைக்காத இடைவெளியில் அது அழிந்துபோவதுதான் வழக்கமாக நடக்கிறது.

சாட்சி குற்றவாளியைக் காட்ட மட்டும் அல்ல, குற்றமற்றவரைக் காக்கவும்தான். வாரணாசி விடுதியில் நடந்த ஒரு மரணத்தில் தண்டனை பெற்ற இத்தாலியர் இருவரை 2015-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. விடுதியில் கேமரா இருந்தும் அதன் பதிவை அரசுத் தரப்பு தாக்கல் செய்யாததே அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டில் இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. திருட்டு என்ற சொல் இங்கே எல்லோர் மீதும் ஒரே எடையோடு விழுவதில்லை. சில சாதிகளைப் பிறப்பிலேயே திருடர்கள் என்று முத்திரை குத்திய குற்றப் பழங்குடிச் சட்டம் 1871-இல் வந்தது, சென்னை மாகாணத்தில் அது நீங்கியது 1947-இல்தான். சட்டம் போன பிறகும் பார்வை போகவில்லை. 1993-இல் முதனை கிராமத்துக் குறவர் இனத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, நகைத் திருட்டுச் சந்தேகத்தில் அழைத்துச் செல்லப்பட்டுக் காவலில் இறந்தார். 2021-இல் வந்த ‘ஜெய்பீம்’ படத்துக்கு அடிப்படை அந்த வழக்கு. 2025 ஜூன் மாதம் மடப்புரம் காளி கோயில் காவலாளி அஜித்குமார், கோயிலுக்கு வந்த ஒருவரின் காரிலிருந்து நகை காணாமல்போன புகாரில் விசாரிக்கப்பட்டு, அடிபட்டு இறந்தார். அவரை அடித்ததை மறைவாக நின்று ஒருவர் செல்போனில் எடுத்த சில விநாடிப் படம்தான் வெளியுலகுக்கு முதல் சாட்சி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவைப் பார்க்கிறேன். திருட்டுக்குப் பிந்தைய இரண்டு வாரத்தில் அதில் வந்த ‘சந்தேக நபர்’ படங்கள் ஒன்பது. பழைய இரும்பு வாங்க வந்தவர், முகவரி தேடி நின்ற உணவு டெலிவரிப் பையன், வேலை முடித்துத் திரும்பிய வடமாநிலக் கட்டடத் தொழிலாளர் மூவர், குடுகுடுப்பைக்காரர் ஒருவர். எல்லாமே வாசல் கேமராப் படங்கள். ஒருவர்கூடத் திருடவில்லை. யாருக்கும் தன் படம் நூற்று நாற்பது பேருக்குப் போனது தெரியாது. 2018-இல் குழந்தை கடத்தும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன ஒரு குடும்பத்தை ஊரே கூடி அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். ஒரு படத்தைக் குழுவில் போடுவதற்கும் அப்படியொரு நாளுக்கும் நடுவில் இருக்கும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பதிவு போக வேண்டிய இடம் காவல் நிலையம். குழுவில் போடுவதைத் தெருக்காரர்கள் தாமாகவே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அக்கம்பக்கத்தாரின் அந்தரங்கமும் இதோடு ஒட்டியதுதான். ஆசிரியர் வீட்டுக்கு எதிரே இருக்கும் அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார்: “எங்க வாசல்ல கோலம் போட உட்கார்ந்தாலே அந்தக் கேமரா முதுகுல குத்துற மாதிரி இருக்கு. என் பொண்ணு எத்தனை மணிக்கு வர்றா, யார் வண்டியில வந்து இறங்குறான்னு இன்னொரு வீட்டு டி.வி.யில ஓடணுமா?” பெண்ணின் போக்குவரத்தைக் கணக்கெடுப்பதில் இந்த ஊருக்கு உள்ள ஆர்வம் தெரிந்தவர்களுக்கு அவர் அச்சம் புரியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் 2023-இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இலேயே செக் நாட்டு வழக்கொன்றில், பொதுத் தெருவைப் படம்பிடிக்கும் வீட்டுக் கேமரா ‘சொந்தத் தேவை’ என்ற விலக்குக்குள் வராது என்று சொல்லிவிட்டது. இங்கே அந்தக் கோடு இன்னும் தெளிவாகப் போடப்படவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டாரை எட்டிப்பார்க்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. கூட்டாகக் குடியிருக்கும் வீட்டுக்குள் மற்றவர் சம்மதமின்றிக் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது. தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏறத்தாழ எல்லா டி.வி.ஆர்.களிலும் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி உண்டு. எதிர்வீட்டு ஜன்னலை மறைக்க ஐந்து நிமிட வேலை.

நம் வீட்டுக் கேமராவை நாம் மட்டும் பார்க்கிறோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றி இணையத்தின் பெரும் பகுதியை முடக்கியது. 2025-இல் ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் பரிசோதனை அறைப் பதிவுகள் இணையத்தில் விலைக்கு வந்தன, அங்கும் வழி திறந்துவிட்டது எளிய கடவுச்சொல்தான். ரிங் நிறுவனத்தின் ஊழியர்களே வாடிக்கையாளர் வீட்டுப் படங்களைப் பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டில் 2023-இல் அமெரிக்க வணிக ஆணையம் 58 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறாத கேமராக்களை விற்க முடியாது என்ற விதி வந்திருக்கிறது. ஏற்கெனவே சுவரில் தொங்குபவற்றுக்கு அவரவர்தான் பொறுப்பு.

பூட்டிய வீட்டுக்காகவே ஆந்திரக் காவல்துறை ஒரு வழி செய்தது. வெளியூர் போகிறவர் செயலியில் பதிந்துகொண்டால், காவலர்கள் வந்து அசைவை உணரும் கேமரா ஒன்றை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே ஏதாவது அசைந்தால் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும், ரோந்து வண்டி கிளம்பும். இதில் கேமராவின் தரம் பெரிதில்லை. பார்க்க ஓர் ஆள், கிளம்ப ஒரு வண்டி என்று இரண்டையும் அதோடு கட்டிவைத்ததே பெரிது.

எங்கள் தெருத் திருட்டில் ஆள் சிக்கியது நான்கு மாதம் கழித்து. வேறொரு வழக்கில் பிடிபட்டவரின் கைரேகை, ஆசிரியர் வீட்டு பீரோவில் எடுத்த ரேகையோடு பொருந்தியது. பதினோரு பவுனில் ஆறு திரும்பி வந்தது. சாம்பல் கட்டங்களாகத் தெரிந்த அந்த முகம் கடைசி வரை எதற்கும் உதவவில்லை.

ஆசிரியர் கேமராவைக் கழற்றிவிடவில்லை. மாடியிலிருந்ததை அப்படியே விட்டு, கேட்டுத் தூணில் எட்டடி உயரத்தில் இன்னொன்று மாட்டினார். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, அவர் விரல் வைத்த இடமெல்லாம் கறுப்புக் கட்டம் போடச் சொன்னார். டி.வி.ஆர். பெட்டி பரணுக்குப் போனது. மாதம் முதல் தேதி மின்கட்டண அட்டையில் குறிப்பதுபோல நேரத்தைச் சரிபார்த்து ஒரு டைரியில் குறித்துவைக்கிறார். அதே அக்காவிடம் ஒரு சாவியும் கொடுத்திருக்கிறார்.

போன மாதம் பத்து நாள் காசிக்குப் போய்விட்டு வந்தார். வந்த அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, பதிவை ஓட்டிக் காட்டினார். முதல் நாள் 6.34-க்கு அக்கா கேட்டைத் திறந்து வருகிறார், திண்ணையில் கிடந்த விளம்பரத் தாள்களைப் பொறுக்குகிறார், வாசல் விளக்கைப் போடுகிறார், பின்கட்டுப் பக்கம் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்புகிறார். மறுநாள் 6.41. அதற்கு மறுநாள் மழை, குடையோடு 6.29. ஆசிரியர் பத்து நாளையும் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் முகம் தெளிவாகத் தெரிந்தது.